நூலகத்தில் செய்த கோலத் தட்டு

என் அம்மாவின் கைபட்ட பொருள்கள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. 1973இல், 18 வயதில், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் சில்லுகளை, அவற்றைச் சுற்றியிருக்கும் உலோகக் கால்களோடு தங்கக் கம்பியால் இணைக்கும் வேலை. கம்பியின் தடிமன் தலைமுடியில் பாதிகூட வராது. வேலை நேரம் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்பும்போது கண் எரியும், தலை வலிக்கும். தாம் இணைத்த சில்லு எந்தக் கால்குலேட்டருக்குள் போனது, எந்த வானொலிக்குள் போனது என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை.

சிங்கப்பூரில் அது ஒரு தலைமுறைப் பெண்களின் கதை. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் படைகள் 1971க்குள் வெளியேறும் என்று 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது, தளத்தை நம்பியிருந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் திகைத்துப் போயின. அதே 1968இல் சில்லு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான நேஷனல் செமிகண்டக்டர் இங்கே வந்தது. மறு ஆண்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. அப்பாக்களின் சம்பளம் நின்ற வீடுகளில் மகள்களின் சம்பளம் அடுப்பெரித்தது. பின்னர் 1980களில் உலகின் கணினி வன்தட்டு உற்பத்தியில் சிங்கப்பூர் முன்னணிக்கு வந்ததும் இந்தப் பெண்களின் விரல்களால்தான்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நூலகங்களில், இயந்திரங்களைக் கொண்டு நாமே பொருள் செய்து பார்க்கும் செய்முறைக் கூடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவை ஏதோ எதிர்காலத்தின் சொத்து, சிறுவர்களின் சொத்து என்ற தொனியே கேட்கிறது. பொருள் செய்வது இந்த ஊருக்குப் புதிதன்று. செய்து களைத்த கைகள் ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு இந்தக் கூடங்களில் இடம் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தேசிய நூலக வாரியம் ஜூரோங், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், பொங்கோல் வட்டார நூலகங்களில் ‘மேக்இட்’ என்ற பெயரில் இத்தகைய கூடங்களை நடத்துகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், வினைல் தாளைக் கணினி வரைந்த கோட்டில் வெட்டும் இயந்திரம், சிறுவர்கள் நிரல் எழுதிப் பார்க்கும் மைக்ரோபிட் போன்ற சிறு பலகைகள் என்று பலவும் உண்டு. முதலில் ஓர் அறிமுக வகுப்பு. அதன்பின் நாமே நம் எண்ணத்தைச் செய்து பார்க்கலாம். என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். தொடக்கப்பள்ளியிலேயே நிரல் எழுதப் பழகிவிட்டாள். 2020 முதல் மேல் தொடக்கநிலை மாணவர்கள் எல்லாருக்கும் ‘கோட் ஃபார் ஃபன்’ வகுப்பு கட்டாயம். அதனால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இயந்திரத்தின் மேல் பயம் இல்லை.

கூடத்தின் நடுவில் மேசைகள், மேசையைச் சுற்றிப் பிள்ளைகள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், அவற்றில் தாத்தா பாட்டிகள். மடியில் பேரப்பிள்ளையின் பை, கையில் தண்ணீர்ப் போத்தல். அம்மாவும் அப்படித்தான் அங்கே போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலிகள் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன. அங்கே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் கப்பல் பட்டறையில் பற்றவைத்தவராக இருப்பார், ஒருவர் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ரவிக்கை தைத்தவராக இருப்பார், ஒருவர் தச்சராக இருப்பார். மேசையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. கேட்க வேண்டும் என்றும் தோன்றாது.

அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பியது ஓர் அளவுகோல். மேசையில் ஒரு சிறுவன் இரண்டு தாடைகளால் பொருளைக் கவ்வி அளக்கும், எண்முகப்பு உள்ள அளவியை வைத்துக்கொண்டு ஒரு பெட்டி மூடியின் விட்டத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வந்தது. அம்மா எழுந்துபோய், அளவியின் தாடையை மூடிப் பூஜ்யமாக்கி, மூடியைச் சற்றே திருப்பி இரண்டு இடங்களில் அளந்து காட்டினார். “தாடையை மூடி முதலில் பூஜ்யம் பார், தம்பி. அழுத்திப் பிடிக்காதே” என்றார். அந்தப் பையன் சீனப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் கை செய்ததை அப்படியே திருப்பிச் செய்தான். அளவு நின்றது.

அதன்பின் அவர் சுவரோரம் போகவில்லை.

தமக்கு என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அவருக்கு முழங்கால் வலி. குனிந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாசலில் கோலம் போட முடிவதில்லை. எங்கள் தளத்தில் பல வீடுகளில் ஸ்டிக்கர் கோலம்தான். அதில் தவறேதும் இல்லை, எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு காலையும் புதிதாக விழும் கோலம்தான் அம்மாவுக்குக் கோலம். நின்றபடியே போட ஒரு வழி வேண்டும் என்றார். மகள் உடனே ஒரு தட்டு வரைந்தாள்: கோலத்தின் கோடு போகும் பாதையெல்லாம் திறப்பு, மேலே மாவு, கீழே கோலம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் கோடு முழுவதுமாகச் சுற்றி வளைக்கிறது. கோட்டின் இடத்தைத் திறப்பாக வெட்டினால் புள்ளி இருக்கும் உட்பகுதிகள் எல்லாம் பிடிமானமின்றிக் கழன்று விழும். மகள் அங்கங்கே சிறு பாலங்கள் வைக்கலாம் என்றாள். வைத்தால் கோடு துண்டு துண்டாகத் தெரியும்.

அம்மா சொன்னது வேறு. தேக்கா கடைகளில் விற்கும் கோல அச்சுகள் துளைத் தட்டுகள்தான். தகரத்தில் கோட்டைத் திறப்பதில்லை, கோட்டின் மேல் வரிசையாகத் துளையிடுவார்கள். மாவு விழும்போது சற்றே பரவுவதால் துளைகள் சேர்ந்து கோடாகிவிடும். பாலமும் தேவையில்லை, உட்பகுதியும் விழாது. நெடுநாள் பழக்கம் ஒரு நொடியில் தீர்த்த சிக்கல் அது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. துளை ஒரு மில்லிமீட்டர் என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் அரிசி மாவு கட்டிபிடித்து இறங்க மறுக்கிறது. மூன்று மில்லிமீட்டர் என்றால் கொட்டுகிறது. இரண்டில் நின்றோம். துளையைக் கூம்பாக, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வைத்தால் மாவு தானாக வழுக்கி இறங்கும் என்றார் அம்மா. அச்சு இயந்திரத்துக்கும் அதுவே வசதி என்று கூடத்தில் உதவிய இளைஞர் விளக்கினார். இயந்திரம் கீழிருந்து மேலாகப் படலம் படலமாக அடுக்குகிறது. அடியில் தாங்க எதுவுமின்றி 45 பாகைக்கு மேல் வெளியே சாயும் சுவர் தொங்கிவிடும். மேலே போகப்போக அகலும் துளையில் எந்தச் சுவரும் அந்தரத்தில் நிற்பதில்லை. கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு வரிசைத் துளைகள் நெருங்கி மாவு குவியும் என்று அங்கே மட்டும் துளைகளைக் குறைக்கச் சொன்னார் அம்மா. வரைபடத்தைப் பார்த்தே சொன்னார், அச்சிட்ட பிறகு அல்ல.

தட்டைப் பிடித்து நிற்க ஒரு கழி வேண்டும். வீட்டிலிருந்த துடைப்பக் கம்பின் தலையை அளந்து, அது நுழைய ஒரு குழல் வரைந்தோம். அச்சில் வரும் துளைகள் வரைந்த அளவைவிடச் சற்றுச் சிறியதாகத்தான் வரும். உருகிய பிளாஸ்டிக் வளைவுகளில் உட்புறமாக இழுபடுவது ஒரு காரணம், குளிரும்போது சுருங்குவது இன்னொரு காரணம். அரை மில்லிமீட்டர் கூடுதல் இடம் விட்டோம், கம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. தொழிற்சாலையில் மைக்ரான் கணக்கில் வேலை பார்த்தவருக்கு அரை மில்லிமீட்டர் என்பது பெரிய வெளி. “இவ்வளவு தாராளமாகவா விடுவார்கள்?” என்று உண்மையாகவே வியந்தார்.

இயந்திரம் ஓடும்போது அம்மா பக்கத்திலேயே நின்றார். மெல்லிய பிளாஸ்டிக் இழை சூடான முனைக்குள் நுழைந்து, சுமார் 200 பாகை செல்சியஸில் உருகி, ஜாங்கிரி பிழிகிறவரின் கையைப் போல் வளைந்து வளைந்து போகும் முனையிலிருந்து இறங்குகிறது. “பாட்டி, தொட வேண்டாம், சுடும்” என்றாள் மகள். “எனக்குத் தெரியும் கண்ணம்மா” என்றார் அம்மா. சோள மாவு, கரும்பு போன்ற தாவரச் சர்க்கரையிலிருந்து எடுக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் அது. சுமார் 60 பாகையிலேயே இளகிவிடும். ஆகவே தட்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடக் கூடாது.

இப்படி ஓர் இயந்திரம் அக்கம்பக்க நூலகத்துக்கு வந்த வழி சுவையானது. அமெரிக்கப் பொறியாளர் ஸ்காட் கிரம்ப் இந்த முறையைக் கண்டுபிடித்தது 1980களின் இறுதியில். காப்புரிமை 2009இல் காலாவதியாகும்வரை அது பெரிய நிறுவனங்களின் பொருளாக இருந்தது. அதற்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரம் ஒன்றுக்கான திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார். விலை இறங்கியது. 2011 வாக்கில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட்வில் என்ற சிற்றூர் நூலகம் தன் கட்டடத்துக்குள் இப்படி ஒரு கூடத்தைத் திறந்தது. பொது நூலகங்களில் அதுவே முதல் கூடம் என்பார்கள்.

கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டார்கள். அம்மா சில்லுகளுக்குக் கம்பி இணைத்துக்கொண்டிருந்த அதே காலம். வாசலில் பெண்கள் போடுவது விதிகளால் ஆன ஒரு மொழி என்று கண்டவர்கள் அவர்கள்.

அந்த விதிகளில் ஒன்றை எங்கள் மேசையிலேயே சரிபார்த்தோம். செவ்வகமாகப் புள்ளி வைத்து, இடையில் எங்கும் கோட்டைத் திருப்பிவிடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வரும் எளிய சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புள்ளி, 4 வரிசை என்றால் ஒரே கோட்டில் முடியும். 4 புள்ளி, 6 வரிசை என்றால் இரண்டு தனித்தனிக் கோடுகள். 5க்கு 5 என்றால் ஐந்து. அம்மா இதைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர். சதுரமாகப் புள்ளி வைத்தால் ஒரே இழையில் முடியாது, நடுவில் எங்காவது கோட்டைத் திருப்பிவிட வேண்டும் என்பார். மகள் எண்களை எழுதிப் பார்த்தாள். முகம் மாறியது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அதுவே கோடுகளின் எண்ணிக்கை. அந்த ஆண்டு பள்ளியில் அவள் கற்ற பாடம் அது. பாட்டி அதே பாடத்தை விரலால் கற்றிருந்தார். இருவரும் மாறி மாறிப் புள்ளி வைத்துச் சோதித்தார்கள். 6க்கு 9 வைத்தால் எத்தனை என்று பாட்டியைக் கேட்டாள். அம்மா தாளில் விரலை ஓட்டிவிட்டு “மூன்று” என்றார். மகள் நிரல் எழுதித் திரையில் வரைந்து பார்த்தாள். மூன்று.

நான் பக்கத்தில் இருந்து கவனித்தது இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் தமிழில் பேசினார்கள். அம்மாவுக்குத் தமிழும் மலாயும் சரளம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மகளுக்கு நேர்மாறு. வீட்டில் கேள்வி தமிழில் போகும், பதில் ஆங்கிலத்தில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தது. இதைப் பற்றிப் பேசாத தமிழ் விழா இல்லை. மேடையில் கவிதை, மேடையில் நாடகம், மேடையில் பட்டிமன்றம் என்று நாம் தமிழை மேடையிலேயே காப்பாற்றப் பார்க்கிறோம். அவற்றையும் நான் விரும்பிப் போய்ப் பார்ப்பவள்தான். ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை, வேலை ஆக வேண்டும் என்பதற்காக, பாட்டிக்குப் புரிந்தே ஆக வேண்டும் என்பதற்காகத் தமிழில் நீண்ட வாக்கியங்களைத் தேடித் தேடிப் பேசியதை நான் கண்டது இந்த மேசையில்தான். யாரும் மதிப்பெண் போடவில்லை. துளை அடைத்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரே கவலை இருவரையும் பேசவைத்தது.

அம்மாவுக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்து நாங்கள் போனது ‘ரிப்பேர் கோப்பிதியாம்’. 2014இல் தொடங்கிய முயற்சி. பழுதான மின்சாதனத்தை எடுத்துச் சென்றால் தன்னார்வலர்கள் உடன் உட்கார்ந்து நம்மையே பழுதுபார்க்கப் பழக்குவார்கள். மேசை விளக்கின் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. உருக்கிய உலோகக் கலவையால் அதைச் சால்டரிங் செய்து ஒட்டிய தன்னார்வலர் நன்றாக இருக்கிறதா என்று அம்மாவிடம் காட்டினார். ஒட்டு மங்கலாக இருக்கிறது, பளபளப்பாக இருந்தால்தான் சரி என்றார் அம்மா. அவர் காலத்தில் அதுதான் சோதனை. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய கலவை 183 பாகையில் உருகி, ஆறியதும் கண்ணாடிபோல் மின்னும். மங்கலாக இருந்தால் ஒட்டவில்லை என்று பொருள். இப்போது காரீயம் நீக்கப்பட்ட கலவை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பின் உலகின் பெரும்பகுதி மாறிவிட்டது. புதிய கலவை உருகுவது 217 பாகைக்கு மேல், நல்ல ஒட்டும் மங்கலாகத்தான் தெரியும். இதைத் தன்னார்வலர் பொறுமையாக விளக்கினார். அம்மா பூதக்கண்ணாடியை வாங்கி ஒட்டின் ஓரத்தைப் பார்த்தார். உலோகத்தின் மேல் சரிவாகப் படிந்திருக்கிறது, சரிதான் என்றார். அந்தச் சரிவு இன்றும் மாறாத சோதனை. கற்றவரும் கற்பித்தவரும் இன்னார் என்று அன்று பிரிக்க முடியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. வார நாள் காலைகளில், பள்ளி நடக்கும் நேரத்தில், முதியவர்களுக்கென்றே அமர்வுகள் வேண்டும். அவற்றில் சில தமிழில் நடக்க வேண்டும். இயந்திரத்தை அறிமுகப்படுத்தும் ஒரு மணி நேரத்தைத் தமிழில் சொல்ல நம்மிடையே பொறியாளர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் நூலகத்தில் தொண்டூழியர்களாகப் பெயர் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற தையல்காரரை, கம்பி இணைத்தவரை, கப்பல் பட்டறைக்காரரைப் பார்வையாளராக அன்றி, கைவினை வழிகாட்டியாக மேசையில் உட்காரவைக்க வேண்டும்.

இது நூலகத்தின் வரலாற்றுக்கும் பொருந்தும். 1953இல் தொழிலதிபர் லீ கொங் சியான் 375,000 வெள்ளி (டாலர்) நன்கொடை தந்தபோது, கட்டணமில்லாத பொது நூலகம் வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அதுவரை இருந்த நூலகம் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்களுக்கானது. 1960இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் சிவப்புச் செங்கல் கட்டடம் திறந்தது. அம்மா ஷிப்டு இல்லாத நாள்களில் அங்கே போய்த் தமிழ் நாவல்களை இரவல் வாங்கி வந்திருக்கிறார். நூல்களுக்குக் கிடைத்த அந்த உரிமை இயந்திரங்களுக்கும் வர வேண்டும் என்கிறேன்.

கோலத் தட்டு இப்போது எங்கள் வாசலில் தினமும் வேலை செய்கிறது. எதிர்வீட்டு மலாய் மக்சிக் (அத்தை), தம் வீட்டுக் கேக்கின் மேல் சர்க்கரைத் தூள் தூவ இதேபோல் ஒரு தட்டு கேட்டிருக்கிறார். மகள் நட்சத்திர வடிவம் வரைந்துகொண்டிருக்கிறாள். உணவு தொடும் பொருளை அச்சிடலாமா என்பதைக் கூடத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். படலங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் அழுக்கு தங்கும், சுடுநீரில் கழுவினால் பிஎல்ஏ வளைந்துவிடும். தடித்த தாளில் வெட்டும் இயந்திரத்தால் வெட்டினால் போதும் என்பது அம்மாவின் கருத்து. அதுவே சரி என்று எனக்கும் படுகிறது. பொங்கலுக்கு 4க்கு 6 கோலத்தை இரண்டு தட்டுகளாக, ஒரு கோட்டுக்கு ஒரு நிறமாகச் செய்யத் திட்டம்.

உங்கள் வீட்டிலும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். அடுத்த அமர்வுக்குப் பிள்ளையின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அச்சின் முதல் படலம் 0.2 மில்லிமீட்டர்தான், அது சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க அவருடைய கண்தான் வேண்டும்.